சத்தம் போடாத லைட்

தை பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, அத்தையைத் தவிர. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, காது மந்தம். நாங்கள் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த அவர்கள் குரல் ஏறும். "என்னல வாய்க்குள்ளயே முணங்குத, தெளிவாச் சொல்லு" என்று மகனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி, திசையன்விளை பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டிக்கு நிற்பவருக்கும் கேட்கும்.

எல்லாம் கணவாய் மீனுக்காக. வீட்டில் கணவாய் வளர்க்கிறீர்களா என்று கேட்க வேண்டாம், இனிமேல் பிடிக்கப்போகிற கணவாய்க்குத்தான் இந்த முன்மரியாதை. எங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஏதாவது ஒன்று வேண்டும், மாடியில் டிராகன் பழம் போட்டார், அதற்கு முந்தி பயோஃப்ளாக் என்று ஒரு மீன் வளர்ப்புத் தொட்டி வைத்து ஜிலேபி மீன் விட்டார். அந்தத் தொட்டியில் இப்போது நான் போர்வை ஊறவைக்கிறேன், அந்த வகையில் அது ஒன்றுதான் லாபம். இந்த வருஷம் எங்க வீட்டுக்காரர் உவரிக் கடற்கரையில், அலையைத் தடுக்கக் கடலுக்குள் பாறை போட்டு நீட்டியிருக்கிற தூண்டில் வளைவில் ராத்திரி நின்று கணவாய் பிடிக்கப்போகிறார் என்று முடிவானது. முடிவானது என்றால் அவருக்குள்ளேயே கூட்டம் போட்டு, அவரே தீர்மானம் நிறைவேற்றி, எங்களுக்குச் செய்தி மட்டும் வந்தது.

முதலில் ஒரு லைட் வந்தது. பெட்டியைப் பிரித்து வரவேற்பறையில் வைத்துப் போட்டார், சுவரில் பல்லி ஓடி ஒளிந்தது. வெளிச்சத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த லைட் சூடாகாமலிருக்க அதன் முதுகில் ஒரு குட்டி ஃபேன் வைத்திருக்கிறான். அது சுற்ற ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு மைனி மதில் மேல் எட்டி, "மாவு மெஷினா வாங்கியிருக்கிய?" என்றார். திருப்பி அனுப்பலாமா என்று பார்த்தால் பிரித்த பெட்டியை வாங்கமாட்டார்களாம். அன்று ஆரம்பித்தது இந்தச் சத்தம் போடாத லைட் தேடல்.

உவரி அண்ணாச்சி அன்றைக்கே சொன்னார். "லைட்டு இரைஞ்சா கணவாய்க்கு என்ன மாப்ளே, அது என்ன காதா வச்சிருக்கு?" அவர் கடலில் பிறந்து வளர்ந்த மனிதர், அவர் சொன்னதோடு விட்டிருக்கலாம். இவர் விடுவாரா? ராத்திரி பூரா போனில் படித்துவிட்டுக் காலையில் இட்லி சாப்பிடும்போது வகுப்பு எடுத்தார். கணவாய்க்கு நம்மைப் போல வெளியே காது இல்லை, ஆனால் தலைக்குள்ளே ஒரு ஜோடிப் பொடிக் கல் இருக்கிறது, தண்ணீர் வழியாக வருகிற கனத்த அதிர்வை அது உணரும். ஜெனரேட்டர், படகு எஞ்சின் மாதிரியான தாழ்ந்த சத்தம்தான் அதற்குப் படும். சரி, அப்படியென்றால் கரையில் பாறை மேல் நின்று நாம் பேசுவது காற்றோடு போய்விடுமே, அதற்கு எதற்கு வீட்டில் ரகசியக் குரல் ஒத்திகை என்று நான் கேட்டேன். "பழக்கம் வரணும்ல" என்றார், ரகசியக் குரலில்.

மூன்று இதயம், நீல ரத்தம், எட்டுக் கை, அப்புறம் இரை பிடிக்க நீளமாக இன்னும் இரண்டு. கணவாயைப் பற்றி இப்போது எங்கள் சின்னவனுக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டை விட நன்றாகத் தெரியும்.

சத்தம் ஒரு பக்கம் இருக்க, சட்டம் என்று ஒரு பக்கம் கிளம்பியது. எல்.இ.டி மாதிரி செயற்கை விளக்கு போட்டு மீனை இழுத்துப் பிடிப்பதை 2017-ல் மத்திய அரசு தடை செய்தது, கடற்கரைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பெரிய பெரிய விளக்குகளைக் கட்டிக்கொண்டு போய்க் குஞ்சு குளுவானோடு அள்ளி வந்தால் நாட்டுப்படகுக்காரர் பாடு என்ன ஆகும்? அந்தச் சண்டை நியாயமான சண்டை. இவர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தார், வீட்டு வாசலுக்கு ஜீப் வருமோ என்று. கடைசியில், லைட் என்பது தன் கை தெரிவதற்கும் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடுவதற்கும் மட்டும், ஒரு துளி வெளிச்சம் தண்ணீரில் விழக்கூடாது என்று சபதம் எடுத்தார். ஆக, பல்லியை ஓட்டிய அந்த ஃபேன் வைத்த லைட் இப்போது பரணில் இருக்கிறது.

அதற்கப்புறம் வந்தது தலையில் மாட்டுகிற லைட். அதில் சிவப்பு வெளிச்சம் உண்டு. இருட்டுக்குப் பழகின கண்ணைச் சிவப்பு அவ்வளவாகக் கூசவைக்காது, தண்ணீருக்குள்ளேயும் சிவப்பு சீக்கிரம் அடங்கிப்போகும், அதனால் அதுதான் அமைதியான வெளிச்சம் என்றார். லைட்டுக்கு அமைதி என்று ஒரு குணம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஐ.பி.67 என்று பெட்டியில் போட்டிருந்தது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தண்ணீர் இறங்காதாம். நம்பவேண்டியதுதானே? வாளியில் ஒரு மீட்டர் ஆழம் வராது என்று கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டார், எரியவிட்டபடியே. ராத்திரி ஒன்பது மணி. கிணற்றுக்குள்ளிருந்து செக்கச்செவேல் என்று வெளிச்சம் வர, மாடியில் துணி எடுக்க வந்த மைனி வீட்டுப் பேத்தி ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு மந்திரிக்க ஆள் கூப்பிட்டார்கள். லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது தூண்டில் பொம்மை. இறால் உருவத்தில் செய்து, வாலில் கவிழ்த்த குடை மாதிரி ஊசிகளாகக் குத்தி வைத்திருப்பார்கள், ஜப்பான்காரர்கள் ஒரு காலத்தில் மரத்தில் செதுக்கிய சங்கதி. எகி என்பார்கள். வீசி, மூழ்கவிட்டு, இரண்டு இழுப்பு இழுத்து நிறுத்தினால், அது மெல்ல இறங்கும்போது கணவாய் வந்து கட்டிப்பிடிக்கும். ஒரு பொம்மை முன்னூறு ரூபாய். ஆரஞ்சு வாங்குவதா, பச்சை வாங்குவதா, இளஞ்சிவப்பா என்று ஒரு வாரம் ஓடியது. அந்த வாரக் கடைசியில் அவரே வாசித்துக் காட்டினார், அநேகமாக எந்தக் கணவாய்க்கும் நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாதாம், வெளிச்சம் எவ்வளவு இருட்டு எவ்வளவு என்பதுதான் கணக்காம். "அப்போ எதுக்கு மூணு கலர்?" என்றேன். "வாங்குற எனக்குக் கலர் தெரியுதுல்லா."

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆர்டர் வந்ததும் சின்னவன் ஒரு பொம்மையை எடுத்து ஆட்டினான், உள்ளே கலகலகல என்று குண்டு உருளுகிற சத்தம். சத்தம் கேட்டுக் கணவாய் வரட்டும் என்று உள்ளே குண்டு போட்ட ரகமாம் அது! ஒரு மாசமாக வீட்டில் குக்கர் விசிலுக்குக்கூட முகம் சுளித்த மனுஷன், காசு கொடுத்து வாங்கியது கிலுகிலுப்பை. நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன். "அது வேற சத்தம்" என்றார்.

போன வாரம் ராத்திரி சாப்பிடும் நேரத்தில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பேட்டரி செத்து, புதுசு வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தோம், அந்தப் பணம் எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, வீட்டில் லைட்டுக்கா பஞ்சம்? தலையில் மாட்டுவது, கழுத்தில் தொங்குவது, சட்டைப்பையில் செருகுவது, முக்காலியில் நிற்பது. ஒன்றையும் தொடக்கூடாது. முழு சார்ஜில் இருக்கவேண்டுமாம். அத்தை எழுந்து போய்ச் சிம்னி விளக்கைத் துடைத்து ஏற்றினார்கள். குழம்பில் கருவேப்பிலை எது முருங்கைக்காய்ச் சக்கை எது என்று தெரியாமல் சாப்பிட்டோம். சின்னவன் மட்டும், "லைட்டு கணவாய்க்கு மட்டும்தானா?" என்று ஒரு கேள்வி கேட்டான். பதில் இல்லை. அந்த மௌனத்தை வேண்டுமானால் அமைதியான லைட் என்று சொல்லலாம்.

அப்புறம் நாள் பார்க்கும் படலம். நிலா இல்லாத ராத்திரிதான் விசேஷம் என்று அமாவாசையைக் குறித்தார். தண்ணீரில் வெளிச்சமே போடப்போவதில்லை என்றானபிறகு நிலா இருந்தால் என்ன போனால் என்ன? எனக்கு அதெல்லாம் புரியாதாம். அத்தை காலண்டரைப் பார்த்ததும், "அமாவாசையும் அதுவுமா கவுச்சியா? எங்க மாமனார் இலையில சோறு வச்சிட்டு, அந்தக் கையோட கணவாயா?" என்று ஏறிவிட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி பார்க்கலாமென்றால் உவரி அண்ணாச்சி வரமாட்டார், ஞாயிற்றுக்கிழமைப் பூசை. கடைசியில் அமாவாசைக்கு மறுநாள், பிரதமை என்று ஒத்துக்கொண்டோம். அத்தையும் கிளம்பினார்கள். "கடக்காத்து வாங்கி எத்தனை நாளாச்சு." ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஃபிளாஸ்க், முறுக்கு டப்பா. அமைதியான மீன்பிடிப்புக்கு அத்தையைக் கூட்டிப்போவது என்ற யோசனை யாருடையது என்று கேட்காதீர்கள். வீட்டில் தனியாக விட்டுப்போக முடியாது, அவ்வளவுதான்.

மாசிக் கடல் அடங்கிக் கிடந்தது. இவரும் அண்ணாச்சியும் தூண்டில் வளைவின் நுனிக்குப் போனார்கள், நானும் பின்னாலேயே பாறை பாறையாகத் தாவி. அத்தை மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம், "யய்யா, கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேள்வி பாறைகளில் முட்டி எங்களிடம் வரும். இவர் ரகசியக் குரலில் "இன்னும் இல்லம்மா" என்பார். அது அத்தைக்கு எப்படிக் கேட்கும்? மறுபடியும், "யய்யா!"

ஆரஞ்சுப் பொம்மை முதல் வீச்சிலேயே பாறைக்கிடையில் மாட்டிக்கொண்டது. முன்னூறு. பச்சையில் ஏதோ கனமாக இழுத்தது, இவர் முகத்தைப் பார்க்கணுமே, நான் கல்யாணத்தன்று பார்த்த முகம். தூக்கிப் பார்த்தால் பேத்தை. வயிற்றை ஊதிக்கொண்டு, கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி ஊசியைக் கழற்றி, "விஷம், போவட்டும்" என்று திரும்பக் கடலில் விட்டார். பொம்மையின் துணியைக் கடித்துக் குதறியிருந்தது.

மூன்றாவது பொம்மையை, அந்தக் கிலுகிலுப்பையை, மாட்டுவதற்காக இவர் தலையிலிருந்த லைட்டைத் தொட்டார். இந்த லைட்டில் ஒரே ஒரு பித்தான். ஒருதரம் அமுக்கினால் வெள்ளை, இன்னொருதரம் அமுக்கினால் மங்கல் வெள்ளை, அதற்கடுத்து பளிச் பளிச் என்று மின்னுவது, அதைத் தாண்டினால்தான் சிவப்பு. கிணற்றில் இறக்கிச் சோதித்த அன்று சிவப்பு வரை அமுக்கியவர், அதற்கப்புறம் பித்தானைத் தொட்டுப் பழகவே இல்லை. இப்போது மின்னுகிற இடத்தில் வந்து நின்றுகொண்டது. ஈரக் கை, பித்தான் வழுக்குகிறது. பளிச், பளிச், பளிச், நேராகக் கடலைப் பார்த்து. கூடங்குளம் பக்கத்து வெளிச்சம்கூட அன்று மங்கித்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து எஞ்சின் சத்தம். ஒரு ஃபைபர் வள்ளம் முழு வேகத்தில் வருகிறது. "யாரு விழுந்தா? ஆளு விழுந்துட்டா?" என்று கத்திக்கொண்டே வந்தார்கள், மூன்று பையன்கள். பாறையில் யாருக்கோ ஆபத்து, உதவிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தூண்டிலை எல்லாம் சுருட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். சத்தமே போடாத லைட், அந்தப் பக்கத்தில் கேட்கக்கூடிய சத்தங்களிலேயே பெரிய சத்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. தாழ்ந்த, கனத்த அதிர்வு. பொடிக் கல் வைத்திருந்த கணவாயெல்லாம் அந்நேரம் இலங்கைக்கே போயிருக்கும்.

அண்ணாச்சிக்குத்தான் வெட்கம். "நம்ம மாப்ளதான்டே, லைட்டு கோளாறு" என்று சமாளித்தார். பையன்கள் திட்டவில்லை, சிரித்தார்கள். அது இன்னும் மோசம். அவர்களுக்கும் அன்றைக்குப் பாடு போதும்போல, வள்ளத்தைக் கரைக்கு விட்டார்கள். மணலில் அத்தை காத்திருந்தார்கள். யார் மகன், எத்தனை பிள்ளை, லைஃப் ஜாக்கெட் எங்கே, போடாமல் போனால் வீட்டில் கேட்க ஆள் இல்லையா என்று மூன்று பேரையும் நிற்கவைத்து விசாரணை. முறுக்கு டப்பா அங்கேதான் காலியானது. போகும்போது அவர்கள் ஊசிக் கணவாயாகப் பொறுக்கி ஒரு பை நிறையப் போட்டார்கள். காசு வேண்டாம் என்றார்கள். அத்தை விடுவார்களா, கடைசிப் பையனின் சட்டைப்பையில் திணித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்கள்.

வீட்டுக்கு வந்து ராத்திரி இரண்டு மணிக்கு அதை ஆய்ந்தது யார்? மை தெறித்து என் நைட்டி போச்சு. மிளகு போட்டு வறுத்தேன், சட்டியில் ஐந்து நிமிஷம் கூடினாலும் ரப்பராகிவிடும் என்பதால் பக்கத்திலேயே நின்றேன். இவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். காலையில் வாசம் பிடித்து மைனி மதிலுக்கு வந்தார். "கணவாயா? தம்பி பிடிச்சதா?" இவர் உள்ளே ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர், கை அப்படியே நின்றது. பாவமாக இருந்தது. "ஆமா மைனி, இவுகதான் பிடிச்சாக" என்றேன், மெதுவாகத்தான்.

திண்ணையிலிருந்து அத்தை. "என்னளா சொல்லுத? அந்த வள்ளத்துப் பயலுவ போட்ட கணவாய்க்கு நான்லா இருநூறு ரூவா குடுத்தேன்!"

தெரு முழுக்கக் கேட்டது. ஆனால் மைனி வீட்டு அண்ணாச்சி காதில் மட்டும் ஏனோ முதல் பாதிதான் விழுந்திருக்கிறது போல. சாயங்காலம் வந்து உட்கார்ந்து, எந்த லைட், எங்கே வாங்கியது, சத்தம் வருமா என்றெல்லாம் விசாரித்தார். இரண்டு பேரும் ரகசியக் குரலில் பேசிப் பேசி, நேற்று அவரும் ஒன்று ஆர்டர் போட்டுவிட்டார். இனிக் கரண்ட் போனால் இரண்டு வீடும் இருட்டு.