மாமியின் மூன்று கேக் டின்கள்

டிசம்பர் பிறந்தாலே கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் முந்திரிக்கொத்துப் பேச்சு தொடங்கிவிடும். யார் வீட்டில் என்றைக்குச் சுடுகிறார்கள், பயறு வறுத்தாயிற்றா என்று. எனக்கு அப்போது வேறு கவலை. பரணிலிருந்து கேக் டின்களை இறக்கிப் பார்க்க வேண்டுமே!

மூன்று டின். தடித்த அலுமினியம். தன் சீதனப் பாத்திரங்களோடு வந்தவை என்று மாமி சொல்லுவார். அந்தக் காலத்தில் இங்கே வீடுகளில் ஓவன் ஏது? பெரிய சட்டியில் மணல் கொட்டி, அதற்குள் டின்னை இறக்கி, மூடியின் மேல் சிரட்டைக் கனலை அள்ளி வைப்பார். வெந்த வாசனை தெருவுக்கே தெரியும். கழுவுவதும் மணலில்தான். தேங்காய்த் தும்பில் கடற்கரை மணலைத் தொட்டுத் தேய்த்தால் டின் பளபளக்கும், கூடவே நுணுக்கமாகக் கீறலும் விழும். விழாமல் என்ன செய்யும்? மணவாளக்குறிச்சி மணலில் உப்புத்தாளுக்குப் பயன்படும் கார்னெட்டே கலந்து கிடக்கிறது. ஏற்றுமதியான தும்பில் ஒட்டிப்போன இந்தப் பக்கத்து மணலில்தான் 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மோனசைட் என்ற தோரியத் தாதுவைக் கண்டுபிடித்தார். மாமிக்கு அது பாத்திரம் தேய்க்கும் மணல், அவ்வளவுதான்.

சரி, டின்னுக்கு வருகிறேன். உள்ளே விளிம்பைச் சுற்றியும் வெளியே எண்ணெய் வழிந்த தடத்திலும் தவிட்டு நிறத்தில் ஒரு பிசின். நகத்தால் சுரண்டினால் நகம்தான் போகும். அது மாமி காலத்துக் கறை இல்லை, நான் உண்டாக்கியது. மாமி தேங்காய் எண்ணெயோ நெய்யோ தடவுவார். நான் வந்துதான் கேக்கில் தேங்காய் வாசம் அடிக்கிறது என்று சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினேன். அங்கேதான் வினை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. சூட்டில் அவ்வளவு லேசில் மாறாது. சூரியகாந்தி எண்ணெயின் மூலக்கூறுகளோ சூடும் காற்றும் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகி, வார்னிஷ் மாதிரி உட்கார்ந்துவிடும். இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கும்போது நடப்பதும் இதுதான். அங்கே நாமே வேண்டிச் செய்கிறோம், இங்கே வேண்டாத இடத்தில் வந்து நிற்கிறது. அது இப்போது எண்ணெயே இல்லை. அதனால்தான் பாத்திரம் கழுவும் சோப்பு எத்தனை போட்டாலும் அசையவில்லை.

மைனி போனில் வழி சொன்னாள். "ஆப்பசோடா போட்டு மேலே வினிகரை ஊத்துங்க, நுரைச்சு நுரைச்சு எல்லாம் வந்துரும்." நுரைத்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டால் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். கறைக்கு அதனால் என்ன? இதை இருபத்தேழு வருடம் பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். ஆனாலும் ஊற்றினேன். மைனி சொன்னால் தட்ட முடியாது.

அடுத்த நாள் சலவை சோடாவை எடுத்தேன். முதலில் ஓவனோடு வந்த கறுப்பு எனாமல் தட்டு, கோழி வறுத்து வறுத்து நெய் இறுகிக் கிடப்பது. லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, தட்டில் நிறைய ஊற்றி ராத்திரி அப்படியே விட்டுவிட்டேன். காலையில் தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருந்தது, தொட்டால் வழுவழுப்பு. கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சவுக்காரம். கோழி நெய்யிலேயே ஒரு துளி சவுக்காரம் காய்ச்சியிருக்கிறேன்! தும்பால் தள்ளியதுமே ஏடு ஏடாக உரிந்து வந்தது.

வெற்றி தலைக்கு ஏறியது. மாமியின் டின் ஒன்றையும் அதே கரைசலில் முக்கிவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் டின் முழுக்கச் சாம்பல் கறுப்பு. அலுமினியத்தின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் காரம் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாததா? அன்றைக்கு மாமியின் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

காப்பாற்றியது புளி. மீன்கறிக்குக் கரைத்த புளியின் சக்கையைத் தண்ணீரில் போட்டு, டின்னையும் அதற்குள் வைத்து, கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். கறுப்பு இறங்கி வெளுத்தது. அப்புறம் மற்ற இரண்டுக்கும் ஆப்பசோடாவைத்தான் தண்ணீரில் குழைத்துப் பூசினேன். காரத்தின் வேகத்தைக் காட்டும் பி.எச். எண் சலவை சோடாக் கரைசலுக்கு 11 பக்கம் வரும், ஆப்பசோடா 8 சொச்சம்தான். அலுமினியம் அதைத் தாங்கும். அரை மணி நேரத்துக்கு மேல் விடவில்லை. ஈரத்துணியும் தும்பும் போதும், கம்பிச் சுருள் வேண்டாம். ஒரே நாளில் போகாது. மூன்று நாள், நாளுக்கு ஒரு தடவை என்று செய்தேன். நான்-ஸ்டிக் டின் வைத்திருப்பவர்கள் இதில் எதையும் தேய்க்காமல் வெந்நீரில் ஊறவைப்பதோடு விட்டுவிடுங்கள்.

உள்பக்கம் சுத்தமானதும் நிறுத்தியிருக்கலாம். வெளியே படிந்த பழுப்பால் கெடுதல் இல்லை. கேக்கின் ஓரம் கொஞ்சம் சீக்கிரம் சிவக்கும், அவ்வளவே. ஆனாலும் கை அரித்தது. மூன்றாவது டின்னின் அடியையும் தேய்த்தேன். பிசின் போன இடத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்களே, அந்த வெட்டு. மாமியின் பெயராகத்தான் இருக்கும் என்று கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

மேல வீட்டுப் பெரியம்மையின் பெயர். கீழே 1971.

பெரியம்மைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன வருடம்கூட நான் கொடுத்த கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "எனக்கும் இதுபோல ஒரு டின் இருந்துது பிள்ளே, எங்க போச்சுன்னே தெரியல்ல" என்றார்.