மூன்று உயிரும் ஒரு முட்டை பஃப்ஸும்

மூன்றாம் செமஸ்டர், மதியம் ஒன்றரை மணி வகுப்பு, பாடம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அதாவது கம்ப்யூட்டரில் தகவலை அடுக்கி வைக்கும் முறைகள். மெஸ்ஸில் லெமன் சாதத்தை ஒரு கட்டு கட்டிவிட்டு வந்தவர்களிடம், ஒரு முனையில் சேர்த்து மறுமுனையில் எடுக்கிற வரிசையான க்யூவைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? 60 பேரில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். மீதிப் பேர் மேஜைக்கு அடியில் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடினார்கள். ஒருவனிடமிருந்து போனைப் பிடுங்கினேன். "மேம், ரெண்டே நிமிஷம், டீம்மேட் செத்துருவான்" என்று கெஞ்சினான். இன்டர்னலில் நாலு மார்க் வாங்கியபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு கவலையை நான் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி தேடியதில் லீ ஷெல்டன் என்பவரைப் பற்றிப் படித்தேன். டிவி தொடர்களுக்கும் வீடியோ கேம்களுக்கும் கதை எழுதியவர். இந்தியானா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது எல்லாரையும் பூஜ்யத்தில் நிறுத்தி, செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் கேமில் வருவதுபோல எக்ஸ்பி என்ற அனுபவப் புள்ளி கொடுத்து மேலே ஏற்றியிருக்கிறார். நாம் நூறில் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வருகிற ஆட்கள். சரி, ஏற்றித்தான் பார்ப்போமே.

இன்டர்னல் 40 மதிப்பெண்ணில் கை வைக்க முடியாது. அதனால் புள்ளிக்கு என் நோட்டில்தான் மதிப்பு. நான்கு பேர் கொண்ட ஸ்க்வாட், ஆளுக்கு மூன்று உயிர். கேள்வி கேட்டால் 5, சரியான பதிலுக்கு 10, தப்பான பதிலுக்கு ஓர் உயிர் போகும். மூன்றும் போனவனை, அதே கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டி ஸ்க்வாட் ஆள் எழுப்பலாம். வெள்ளிக்கிழமை முதலிடத்துக்குக் கேன்டீன் முட்டை பஃப்ஸ், என் செலவில்.

"மேம், ஆன் டியூட்டி லீவு கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அட்டெண்டன்ஸ்?"

"அதுவும் கிடைக்காது."

"அப்ப ஆளுக்கு ரெண்டு பஃப்ஸ் மேம்."

மறுநாள் வகுப்பில் நாற்பது கைகள் உயர்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசிரியர் தினத்தன்றுகூட நமக்கு இந்த மரியாதை கிடையாது. "மேம், ஸ்டாக்னா என்ன?" "மேம், ஸ்டாக்குக்கு ஏன் ஸ்டாக்னு பேர்?" "மேம், வேற பேர் வைக்கலாமா?" பத்து நிமிடத்தில் கடைசி பெஞ்ச் ஸ்க்வாட் 150 புள்ளி. பிறகுதான் உறைத்தது.

"இது ஏமாத்து வேலைடா."

"இல்ல மேம், இதுக்குப் பேர் ஃபார்மிங்." கேம் பாஷையில், சுலபமான வேலையையே திரும்பத் திரும்பச் செய்து புள்ளி அறுவடை செய்வதாம்.

ராத்திரியோடு ராத்திரியாக விதியை மாற்றினேன்: எனக்கே யோசிக்க வேண்டியிருக்கும் கேள்விக்குத்தான் புள்ளி. காலையில் அதைப் படித்துவிட்டு அந்தக் கடைசி பெஞ்ச் பையன் தலையாட்டினான். "கேம் கம்பெனி மாதிரி ஓட்டையை அடைச்சு பேட்ச் விட்டுட்டீங்க போல. நல்லாருக்கு மேம்." வீட்டில் என் மகன்கூட என்னை இப்படிப் பாராட்டியதில்லை.

க்யூவுக்குப் பாம்பு கேமை எடுத்துக்கொண்டேன். 1997-இல் நோக்கியா 6110 போனோடு வந்ததே, அதேதான். பாம்பு ஒரு கட்டம் நகர்ந்தால் தலைப்பக்கம் ஒரு துண்டு சேரும், வால்பக்கம் ஒரு துண்டு போகும். இரை தின்றால் வால் மட்டும் போகாது, அதனால்தான் நீளம் கூடுகிறது. எட்டுப் பேரை வரிசையில் நிற்க வைத்தேன். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒருவன் சேர வேண்டும், வாலில் இருப்பவன் உட்கார வேண்டும். சாக்பீஸ்தான் இரை. மூன்றாவது இரையில், நிற்க வேண்டிய வால் உட்கார்ந்துவிட்டது. உயிர் போச்சு. "மேம், நான் செத்துட்டேன்!" "டேய், என்னைத் தூக்குங்கடா!" "அவனை விடு, எனக்கு ஒரு உயிர்தான் பாக்கி!"

கதவில் எச்ஓடி, எங்கள் துறைத் தலைவர்.

வகுப்பு கப்சிப். நான் வாயைத் திறப்பதற்குள் செத்துப்போனவனே எழுந்து பாம்பையும் க்யூவையும் அழகாக விளக்கினான். நான் நடத்தியதைவிடத் தெளிவு, பொய் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பாம்பு தன் உடம்பு மேலேயே முட்டிச்சான்னு எப்படிப்பா கண்டுபிடிப்பே? க்யூவுல நடுவுல இருக்கறதைப் பார்க்கக் கூடாதே?"

எனக்கே யோசிக்க வேண்டியிருந்தது.

"சார், கேள்விக்கு அஞ்சு பாயிண்ட். எங்க ஸ்க்வாட்ல போட்டுக்கறோம்" என்றான் கடைசி பெஞ்ச். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மெமோ வரும் என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த ஸ்க்வாட் சரியாக 5 புள்ளியில் ஜெயித்தது. கேன்டீனில் எட்டு பஃப்ஸுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தபோது அட்டெண்டர் அண்ணன் வந்து நின்றார்.

"மேடம், சாருக்கு ஒண்ணு வரணுமாமே?"