பாட்டியிடம் சொன்ன காரணம்

"கேசு இன்னும் நிரூபணமாகலைங்கம்மா" என்று நான் சொன்னேன். "கோர்ட்டுக்குத்தான் அம்மணி நிரூபிக்கோணும், எனக்குமா?" என்று கேட்ட அந்தப் பாட்டி, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போய்விட்டார். சட்டப்படி நான் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் நான் எழுதிக் கொடுத்த பரிந்துரைக்கு அது காரணமே இல்லை.

அவருடைய மகள் திருமணமாகி ஏழு ஆண்டுகள் நிறைவதற்குள் இறந்திருந்தார். கோட்டாட்சியர் விசாரணைக்குப் பின் மருமகன் மீது வரதட்சணை மரண வழக்கு பதிவானது; 2024 ஜூலைக்கு முந்தைய சம்பவம் என்பதால் பழைய தண்டனைச் சட்டத்தின் 304பி பிரிவில். பிணையில் வந்ததும் அவர் மகனைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரினார்; பாட்டியும் தாத்தாவும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி எதிர்மனு போட்டார்கள். நீதிமன்றம் கேட்டதன் பேரில், சிறுவனின் நிலை குறித்து நான் அறிக்கை தயாரித்தேன். சிறுவன் பாட்டி வீட்டிலேயே வளர வேண்டும். தந்தை நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறையில், பணியாளர் ஒருவர் முன்னிலையில் மட்டும் அவனைப் பார்க்கலாம் என்பதே என் பரிந்துரை. அதன் பிற்பாதிதான் பாட்டியைக் கொதிக்க வைத்தது. மகளைக் கொன்றவன் முன்னால் பேரனை உட்கார வைக்கச் சொல்கிறாயே என்று கேட்டபோதுதான், நான் அந்தச் சட்ட வாக்கியத்தைச் சொன்னேன்.

குற்றம் நிரூபணமாகும்வரை ஒருவர் நிரபராதி என்பது தண்டனை கொடுப்பதற்கான விதி. இவ்வகை வழக்கில் அதுவும் முழுமையாகப் பொருந்தாது; இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்தது நிறுவப்பட்டால், மரணத்துக்குக் கணவரே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். குழந்தையை யார் வளர்ப்பது என்ற கேள்விக்கோ அளவுகோலே வேறு. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம் தந்தையை இயற்கைக் காப்பாளர் என்று சொன்னாலும், அதன் 13ஆம் பிரிவு குழந்தையின் நலனையே தலையாயதாக வைக்கிறது. 2008இல் நீல் ரத்தன் குண்டு வழக்கில், மனைவியின் மரணத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த தந்தையிடம் சிறுவனை ஒப்படைக்கச் சொன்ன கீழ் நீதிமன்றங்களின் உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, அவனைத் தாய்வழிப் பாட்டி தாத்தாவிடமே விட்டது. நிலுவையிலுள்ள குற்ற வழக்கையும் சிறுவனின் விருப்பத்தையும் கணக்கில் எடுத்தே தீர வேண்டும் என்றது. அங்கே அந்தச் சிறுவன் தந்தையிடம் போக மறுத்தான். நான் சந்தித்த சிறுவன் தந்தையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான்.

என் பரிந்துரைக்கு உண்மையான காரணம் இதுதான். "அம்மிச்சி வீட்லயே இருந்துக்கிறேன், அப்பாவ ஒருக்கா பாக்கோணும்" என்றான். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருப்பதாக அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பொய்யைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அவர்கள் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தெரியவில்லை. கேட்டது பேரன்தான் என்று அப்போது பாட்டியிடம் சொல்லியிருந்தால், அன்று மாலை அந்த வீட்டில் அவனுக்கு என்ன நேர்ந்திருக்கும்? அடி விழுந்திருக்காது. ஆனால் அவர் அழுதிருப்பார். அம்மிச்சியை அழ வைத்தது தன் வாய்ச்சொல்தான் என்று அவன் புரிந்துகொண்டிருப்பான். அடுத்த முறை யார் கேட்டாலும் அம்மிச்சி விரும்பும் பதிலையே சொல்லியிருப்பான். எனவே சட்டத்தைக் கேடயமாகப் பிடித்தேன். அது சரியான முடிவு என்றே பெரும்பாலான நாள்களில் நினைக்கிறேன்.

சில நாள்களில் அப்படித் தோன்றுவதில்லை. அறிக்கையின் நகல் இரு தரப்பு வழக்கறிஞர்களிடமும் போகும், அதில் சிறுவன் சொன்னது அப்படியே இருக்கிறது, ஆகவே என் மௌனம் சில வாரங்களுக்குமேல் அவனைப் பாதுகாக்க வாய்ப்பில்லை என்பதை அறிந்தேதான் பேசினேன். அப்படியானால் நான் காத்தது அவனையா, அந்த நேரத்துச் சங்கடத்திலிருந்து என்னையா? மேலும், நான் சொன்ன காரணத்திலிருந்து அந்தப் பாட்டி எடுத்துக்கொண்டது, இவளும் அவனை நிரபராதி என்று நம்புகிறாள் என்பதே. நான் அப்படி நம்பவில்லை. நம்புவதும் நம்பாததும் என் வேலை இல்லை என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மகளைப் பறிகொடுத்தவர் முன் அமர்ந்திருக்கையில் அந்தப் பாடம் எதற்கும் உதவவில்லை.

உடன் பணியாற்றும் ஒருவர் வேறொரு கோணத்தில் என்னைக் கண்டித்தார். சம்பவத்தன்று சிறுவன் வீட்டில் இருந்திருக்கிறான், பிற்பாடு அவன் சாட்சியாக அழைக்கப்படலாம், அப்படியிருக்கச் சந்திப்புக்கு வழி விடுவது ஆபத்து என்றார். நியாயமான வாதம்தான். ஆனால் சாட்சியைக் கலைப்பது ஒரு தரப்புக்கு மட்டும் கைவருவதில்லை. யார் வீட்டில் குழந்தை வளர்கிறதோ அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள் என்றுதான் எதிர்த்தரப்பு வாதிடும். பணியாளர் முன்னிலையில் என்று எழுதியது அதனால்தான். நீதிபதியும், வழக்கைப் பற்றிச் சிறுவனிடம் பேசக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தே சந்திப்பை அனுமதித்தார். சிறுவனைத் தாத்தாதான் அழைத்து வருகிறார், பாட்டி வருவதில்லை.

இப்போது தந்தை தரப்பு, கோடை விடுமுறையில் சிறுவனைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறது. அறிக்கை கேட்டு என்னிடமே வந்திருக்கிறது. கூடாது என்றுதான் எழுதப்போகிறேன். வழக்கு இன்னும் நிரூபணமாகவில்லை.