மோதிரத்தைப் பாருங்கள்

இன்று உருப்பெருக்கியில் டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 1647ஆம் ஆண்டு அச்சுப்படம். கண் மோதிரத்திலேயே நின்றுவிட்டது.

படத்தில் இருப்பவர் ஆம்ஸ்டர்டாம் யூத மருத்துவர் எஃப்ராயிம் புவேனோ. மாடிப்படிக் கைப்பிடியில் கை ஊன்றி, ஏதோ யோசனையில் நிற்கிறார். எவ்வளவு களைத்த, கனிவான முகம்!

அச்சுத்தகட்டை இடையிடையே திருத்துவார்கள்; ஒவ்வொரு திருத்தமும் ஒரு ‘நிலை’. முதல் நிலைப் பிரதிகளில் மோதிரம் கறுப்பு. அவை மிக அரிது. அடுத்த நிலையில் ரெம்பிராண்ட் அதையே வெள்ளையாக்கிவிட்டார்.

இத்தகைய அச்சுகளில் ஆழ்ந்த கறுப்பு வரும் வழி இது: செப்புத்தகட்டை ஊசியால் நேரடியாகக் கீறினால் கோட்டோரம் பிசிறு எழும்பும். அது மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் கறுப்பைத் தரும். ஆனால் அச்சு அழுத்தத்தில் சீக்கிரமே நசுங்கிவிடும்.

இந்த அச்சுப்படத்துக்கான சின்ன எண்ணெய் ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சில் இடவலம் மாறும் என்பதால் ஓவியத்தில் புவேனோ மறுபக்கம் திரும்பியிருப்பார்.

பிரதியைப் பார்க்கும்போது முகத்தோடு நின்றுவிடாதீர்கள். ஆழ்ந்த நிழல்கள் சாம்பல் பூத்திருந்தால், தகடு தேய்ந்தபின் எடுத்ததாக இருக்கலாம்.