முதல் ரிவ்யூவில் ஒப்பித்தேன், வைவாவில் பேசினேன்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். சிவில் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு ப்ராஜெக்டின் முதல் ரிவ்யூவுக்காக, நாலு பக்க ஆங்கிலத்தை எழுதி அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இரண்டு பக்கம் தடையில்லாமல் ஓடியது. நடுவில் ஒரு மேடம், "வாட்டர் சிமென்ட் ரேஷியோ எவ்வளவு எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். கான்கிரீட்டில் சிமென்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு அது. தமிழில்தான் கேட்டார். பதிலும் தெரியும், சொல்லிவிட்டேன். ஆனால் விட்ட இடம் எது என்று பிடிபடவில்லை. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து ஆரம்பிக்கும் பையன் மாதிரி, "குட் மார்னிங்" வரை திரும்பப் போனால்தான் எனக்கு அடுத்த வரி வரும். போகவும் முடியாது. மீதியை ஸ்லைடைப் பார்த்து வாசித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அன்றைக்கு ஆங்கிலத்தின் மேல் பழி போட்டேன். குற்றவாளி மனப்பாடம் என்பது தெரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.

இரண்டாவது ரிவ்யூவுக்கு முன் ஹாஸ்டல் மொட்டை மாடியில் நண்பன் சொன்னான்: "டேய், இங்கிலீஷை விடு. நாம என்ன பண்ணினோம்னு உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவ, அப்படிச் சொல்லு." சொன்னேன். ஆத்து மணல் விலை ஏறிப்போச்சு, கிடைக்கவும் இல்ல. குவாரியில கல்லை உடைக்கும்போது விழுற தூள், குவாரி டஸ்ட், மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. மணலுக்குப் பதிலா அதைக் கலந்தா கான்கிரீட் தாங்குதான்னு கன சதுரக் கட்டியா க்யூப் போட்டு உடைச்சுப் பாக்குறோம். பாதி வரைக்கும் கலந்தா தாங்குது, அதுக்கு மேல போனா பலம் குறையுது.

அந்த நாலு வரிதான் எங்கள் பிரசன்டேஷனின் எலும்புக்கூடு. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஸ்லைடு, மொத்தம் எட்டு. அதற்கு முன் பதினெட்டு வைத்திருந்தோம். அதில் ஐந்து லிட்டரேச்சர் ரிவ்யூ, யார் எந்த ஆண்டில் என்ன செய்தார்கள் என்ற பட்டியல். பத்து நிமிடத்தில் அதற்கே பாதி போய்விடும், நாம் கையால் செய்த வேலைக்குக் கடைசியில் ஒன்றரை நிமிடம்தான் மிஞ்சும். நான் பார்த்த பெரும்பாலான குழுக்கள் விழுந்த குழி இதுதான். லிட்டரேச்சரை ஒரே ஸ்லைடுக்குள் அடக்கி, ரிசல்ட்டுக்கு மட்டும் நாலு நிமிடம் ஒதுக்கினோம்.

அப்புறம் வாக்கியங்கள். கண்ணுக்கு எழுதும் ஆங்கிலம் வேறு, வாய்க்கு வேண்டிய ஆங்கிலம் வேறு. ரிப்போர்ட்டில் இருந்த மூன்று வரி வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தால் மூச்சு வாங்கியது. அதை உடைத்தோம். "வீ காஸ்ட் ஃபார்ட்டி ஃபைவ் க்யூப்ஸ். ஃபைவ் மிக்சஸ். த்ரீ ஏஜஸ். த்ரீ க்யூப்ஸ் ஈச்." கலவை 5, வயது 7, 14, 28 நாள், ஒவ்வொன்றுக்கும் 3 க்யூப், ஆக 45. கேட்பவர் மனதுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்துக்கொள்வார்.

முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டும் மட்டும் மனப்பாடம். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்வது முதல் அரை நிமிடம்தான், அதைத் தாண்ட அந்த மூன்று போதும். நடுவில் வருவதெல்லாம் ஸ்லைடில் உள்ள படத்தைப் பார்த்துச் சொல்வது. ஒவ்வொரு தடவையும் வார்த்தை மாறும். மாறட்டும்.

சிக்கிய வார்த்தைகளுக்குத் தனியாக ஒரு வேலை செய்தேன். "நியூட்டன் பெர் ஸ்கொயர் மில்லிமீட்டர்" என்று சொல்லும்போதெல்லாம் தடுக்கியது. அதுவும் மெகாபாஸ்கலும் ஒரே அளவுதானே! "தர்ட்டி ஒன் பாயின்ட் சிக்ஸ் மெகாபாஸ்கல்" என்று மாற்றியதும் வழுக்கிக்கொண்டு வந்தது. (எம்25, அதாவது 28 நாளில் 25 மெகாபாஸ்கல் தாங்க வேண்டிய கலவைக்கு, நாங்கள் குறி வைத்த சராசரி பலம் அது.) 'டிடர்மைன்' என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், 'டிடர்மின்' என்று டிக்‌ஷனரியில் கேட்டுத் திருத்திக்கொண்டேன். உச்சரிப்பில் வெள்ளைக்காரனாக வேண்டியதில்லை, நம் துறையின் பத்து வார்த்தை சரியாக வந்தால் போதும்.

போனில் ரெக்கார்ட் செய்து கேட்டபோதுதான் அவமானம். பத்து நிமிடத்தில் பத்தொன்பது "ஆக்சுவலி". அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி சும்மா நிற்கப் பழகினேன். நமக்குத்தான் அது யுகம் மாதிரி தெரியும், கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

கிராஃப் வரும்போது நேராக முடிவுக்குத் தாவாதீர்கள். கிடைக்கோட்டில் குவாரி டஸ்ட் சதவீதம், செங்குத்தில் பலம் என்று முதலில் விரலால் காட்டிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, "லுக் அட் ஃபிஃப்டி" என்றேன். எல்லாத் தலையும் அந்தப் புள்ளிக்குத் திரும்பியது.

கடைசி வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு 50 சதவீதக் கலவையில் உடைந்த ஒரு க்யூபை எடுத்துப் போனோம். முழு க்யூப் எட்டுக் கிலோ வரும், இது அதில் பாதி. வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல் சார் கேட்டார், "ஒய் டஸ் ஸ்ட்ரெங்த் ட்ராப் ஆஃப்டர் ஃபிஃப்டி?" கேள்வி பாதிதான் காதில் விழுந்தது. "சார், ஆர் யூ ஆஸ்கிங் அபவுட் செவன்ட்டி ஃபைவ் அண்ட் ஹண்ட்ரட்?" என்று திருப்பிக் கேட்டேன். யோசிக்க ஐந்து நொடி கிடைத்தது. குவாரி டஸ்டில் பொடி அதிகம், துகள் கோணலாக இருக்கும், தண்ணீரை நிறையக் கேட்கும், அதே தண்ணீரில் கலவை இறுகிவிடும், குத்தி அடைப்பது சிரமம் என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். இரண்டு இடத்தில் இலக்கணம் தப்பியது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் சார் அதற்குள் அந்தக் க்யூபைத் தூக்கி உடைந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜையில் வைத்தபோது அவர் கையெல்லாம் சிமென்ட் தூசி. "கர்ச்சீப் இருக்காப்பா?" என்றார், தமிழில்.