மூன்றாவது பிரசவத்துக்கு உதவி இல்லை

தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. இதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். ஏழைத் தாய்மார்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆதரவு என்பதைக் கிராமங்களில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். இந்தத் திட்டத்தின் இரண்டு நிபந்தனைகளை நீக்கச் சொல்லி மனு எழுதுவதுதான் பல ஆண்டுகளாக என் வேலையில் பெரும்பகுதி. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உதவி என்பது மற்றொன்று.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் நியாயமாகவே தெரியும். யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று விசாரித்தால்தான் சங்கடம் புரியும். பதினேழு, பதினெட்டு வயதில் கருவுறும் பெண்ணின் உடலுக்குத்தான் ஆபத்து அதிகம்; பணம் நிற்பதும் அவளுக்குத்தான். தவறு செய்தவர்கள் பெரியவர்கள், தண்டனை வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு.

வடமாவட்டச் செங்கல் சூளை ஒன்றில் ஒரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தேன். முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு கல் அறுக்க வந்தவர். மூன்றாவது பிள்ளை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கீற்றுக் கொட்டகையில் சேலைத் தூளி. அதை ஆட்டிக்கொண்டிருந்தது நான்கு வயதுகூட நிரம்பாத மூத்த பிள்ளை. தூளியில் அழுகை கேட்டால் அம்மா மண் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவருவார், பால் கொடுத்துவிட்டு மீண்டும் அச்சுக்குப் போவார். எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் உட்கார முடியாது. "நர்ஸம்மா எல்லாம் எழுதிக்கொண்டார்கள். ஊசி, மாத்திரை எல்லாம் தந்தார்கள். பணம் மட்டும் உனக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள்" என்றார். அந்தப் பணம் வந்திருந்தால் சில வாரங்களாவது குழந்தையோடு இருந்திருப்பார்.

தலைமைச் செயலகத்தில் இதைச் சொல்லும்போது வரும் பதில், "பணம் கொடுத்தால் இன்னும் பெற்றுக்கொள்வார்கள்" என்பதுதான். 14,000 ரூபாய்க்காகப் பிள்ளை பெறும் ஒரு பெண்ணையும் நான் சந்தித்ததில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். அதே கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. எந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும் என்று அதிகாரிகளிடம் கேட்டிருக்கிறேன்.

2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பணியில் உள்ளவர்கள் போன்ற சிலரைத் தவிர, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்கிறது. எத்தனையாவது பிள்ளை என்று அது கேட்கவில்லை. ஆனால் 2017-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 என்று சுருங்கியது. பிறகு, இரண்டாவது பெண் குழந்தையானால் உண்டு என்று சற்றே விரிந்தது. சட்டம் அகலமாகத் திறந்த கதவைத் திட்டங்கள் ஒருக்களித்து வைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டின் அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021-இல் மகப்பேறு விடுப்பு ஓராண்டாக்கப்பட்டது. நல்ல முடிவு. மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்காக விடுப்பு மறுக்கப்பட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் எங்கள் அலுவலகமே மகிழ்ந்தது. சூளைப் பெண்ணுக்குக் கேட்டுப் பெற விடுப்பு என்று எதுவும் இல்லை. அவருக்கு மகப்பேறு உரிமை என்பது இந்த உதவித்தொகைதான். அங்கே இன்னும் இரண்டோடு கதவு சாத்தப்படுகிறது.

இப்போது எங்கள் மனுவில் புதிதாக ஒரு கோரிக்கை சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும், கர்ப்பிணிகளுக்கான அரசின் கணினிப் பதிவேடான பிக்மியில் ஓர் எண்ணோடு பதிவாக வேண்டும்; அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கே அலைய வேண்டும். மூன்றாவது கர்ப்பமும் பதினெட்டு வயதுக் கர்ப்பமும்கூட அந்தக் கணினியில் இருக்கின்றன. ஆகவே எத்தனை தாய்மார் விடுபட்டார்கள், எந்த மாவட்டத்தில், எந்தத் தொழிலில் என்று அரசால் எண்ணிச் சொல்ல முடியும். நிபந்தனையை நீக்க என்ன செலவாகும் என்று நிதித்துறை எங்களிடம் கேட்கிறது. விடுபட்டவர்களின் கணக்கை ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் மானியக் கோரிக்கையோடு வையுங்கள், செலவை உறுப்பினர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.