மூன்றாம் வகை

பிப்ரவரி 3

பெருங்குடல் புற்றுநோய் வந்த அண்ணனின் மரபணு அறிக்கை வந்துவிட்டது. எம்.எஸ்.எச்.2 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வேறொன்று அமர்ந்திருக்கிறது. இத்தகைய மாற்றங்களை, கெடுதலற்றது என்ற முதல் வகையிலிருந்து நோய் தருவது என்ற ஐந்தாம் வகைவரை பிரிக்கிறார்கள். இது கெடுதல் செய்யுமா, செய்யாதா என்று இன்றைய நிலையில் சொல்ல முடியாது. மூன்றாம் வகை.

பிப்ரவரி 4

ஐந்தாம் வகை என்று வந்திருந்தால் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். முதல் வகை என்று வந்திருந்தால் வேறு காரணத்தைத் தேடச் சொல்லியிருப்போம். மூன்றைக் கேட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணி மட்டும், "அப்படியென்றால் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்படியும் அர்த்தமில்லை.

நான்காம் வகையில் சேர்ப்பதற்கே 90 விழுக்காட்டுக்கு மேல் உறுதி வேண்டும் என்பது 2015-இல் வகுக்கப்பட்ட விதி. அந்த உறுதி கிட்டாதவரை, என் இரத்தத்திலும் அதே எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்து எனக்கொரு முடிவு சொல்லமாட்டார்கள். இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கு இப்போது பொருள் கிடையாது. இல்லை என்று தெரிந்தால் அது இன்னும் ஆபத்து, ஏனெனில் உண்மையான காரணம் கண்ணில் படாத வேறோர் இடத்தில் இருக்க, நான் தப்பித்துவிட்டதாக நினைத்துப் பரிசோதனைகளை விட்டுவிடக்கூடும். மரபியல் ஆலோசகர் இதைப் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது அத்தனையும் சரி. சரியான பதிலைக் கேட்டுவிட்டு வந்தும் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 9

புற்றுநோய் வராமல் தடுக்க ஆஸ்பிரினைத் தொடங்கலாமா என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர்.

பிப்ரவரி 14

அண்ணனின் கட்டிக்குச் சாயமேற்றிப் பார்த்த அறிக்கையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 என்ற இரண்டு புரதங்களும் இருக்கின்றன, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் இல்லை. பின்னது தன் இணையான எம்.எஸ்.எச்.2 இல்லாமல் நிலைத்திருக்காது. ஆகவே கெட்டது எம்.எஸ்.எச்.2 ஆகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகிக்கிறார்கள். செல் பிரிவதற்காக டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்துவது இந்த நான்கின் வேலை. அந்த வேலை நின்றுபோன செல்லில் பிழைகள் குவிந்துகொண்டே போகின்றன.

அதே குறைபாடுதான் அண்ணனைக் கீமோவிலிருந்து காப்பாற்றியது என்பதை இன்னும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயில், பிழை திருத்தும் திறனை இழந்த கட்டிகளுக்கு ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை, அறுவைக்குப் பிறகு அவை திரும்ப வருவதும் குறைவு; எனவே கீமோ வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஒருவேளை பின்னாளில் பரவினாலும் வழி இருக்கிறது. 2017-இல் அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு அனுமதி கொடுத்தபோது, கட்டி எந்த உறுப்பில் தோன்றியது என்று பார்க்காமல், இந்தக் குறைபாடு இருக்கிறதா என்பதையே அளவுகோலாக வைத்தார்கள். 'உங்களுக்கென்றே அமைந்த மருத்துவம்' என்று விளம்பரங்களில் வரும் பேச்சை நான் நம்பாதவள். ஆனால் இங்கே அது நடந்திருக்கிறது, ஒரு கண்ணாடித் தகட்டில் பழுப்பு நிறம் ஏறாமல் போனதை ஒருவர் கவனித்ததால்.

பிப்ரவரி 20

1895-இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நோய்க்குறியியலாளர் ஆல்டிரெட் வார்த்தினிடம், அவர் வீட்டுக்குத் தைத்துக் கொடுத்துவந்த பெண் ஒருத்தி, தன் குடும்பத்தில் பலர் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்து இறந்திருப்பதால் தானும் அப்படியே சீக்கிரம் இறந்துபோவேன் என்று சொல்லியிருக்கிறாள். சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தாள். வார்த்தின் அந்தக் குடும்பத்துக்கு 'ஜி' என்று பெயரிட்டு 1913-இல் எழுதினார். பின்னர் ஹென்றி லிஞ்ச் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பிழை திருத்தும் மரபணு பிறவியிலேயே கெட்டிருக்கும் இந்த நோய்க்கூறு இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஜி குடும்பத்தில் கெட்டிருந்ததும் எம்.எஸ்.எச்.2 தான் என்பது நூறாண்டு கழித்துத்தான் தெரியவந்தது.

அந்தப் பெண் என் மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறாள். மெண்டலின் கட்டுரையை உலகம் மீண்டும் கண்டெடுப்பதற்கு முன்பே அவளுக்கு முற்கணிப்பு இருந்தது. அதுவும் பிழையற்ற முற்கணிப்பு. அதை வைத்துக்கொண்டு செய்வதற்குத்தான் ஒன்றுமே இல்லை. இன்று இருக்கிறது. பின்லாந்தில் இத்தகைய குடும்பங்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2000-இல் வெளிவந்தது: மூன்றாண்டுக்கு ஒருமுறை குடலைப் பரிசோதித்துக்கொண்ட 133 பேரில் 8 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது, பரிசோதித்துக்கொள்ளாத 119 பேரில் 19 பேருக்கு வந்தது. இப்போது இந்த இடைவெளியையும் குறைத்து, ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை என்கிறார்கள். அவளுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு மரபணுவைப் படிக்கத் தெரிந்ததில் இல்லை. குடலுக்குள் விட்டுப் பார்க்கும், வளையக்கூடிய ஒரு குழாயில் இருக்கிறது.

பிப்ரவரி 21

அவள் பெயரை எங்கேயாவது யாராவது எழுதி வைத்திருப்பார்களா?

மார்ச் 2

கருப்பையில் புற்றுநோய் வந்த அத்தையின் பிளாக் இன்னும் இருக்கிறதாம். கருப்பையை எடுத்தபோது மெழுகில் பதித்து வைத்த திசுவை, அறுவை நடந்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவு இத்தனை ஆண்டுகள் கழித்தும் வைத்திருக்கிறது. அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து அதே நான்கு சாயங்களையும் ஏற்றிப் பார்க்கலாம். கட்டிக்கு அருகிலிருந்த நல்ல திசுவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அண்ணனின் எழுத்து அத்தைக்கும் இருந்ததா என்று தேடலாம். ஃபார்மலினில் ஊறிய டி.என்.ஏ. துண்டு துண்டாகியிருக்கும் என்பதால் கிடைக்குமென்று யாரும் உறுதி சொல்லவில்லை. இரண்டு பேருக்கு நோய், இரண்டு பேருக்கும் ஒரே மாறுபாடு என்று நிறுவினால் மூன்று நான்காக நகரக்கூடும். அதற்கு நெருங்கிய வாரிசின் கையெழுத்து வேண்டும். அத்தைக்கு இருப்பது ஒரே மகன்.

மார்ச் 5

அத்தான் அழைப்பை எடுக்கவில்லை.

மார்ச் 7

எடுத்தார். "அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. அவரை மறுபடியும் எதற்கு அறுக்க வேண்டும்?" என்றார். அறுப்பது அத்தையை அல்ல, மெழுகை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் அவர் பேசிக்கொண்டிருந்தது அத்தையைப் பற்றி அல்ல. அத்தைக்கு அது இருந்ததென்றால் அவருக்கும் இருப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு. எனக்காக நான் கேட்கும் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் பாதி அவருடையது. அவர் கேட்காத பதில்.

முற்கணிப்பு மருத்துவத்தைப் பற்றிய கட்டுரைகளில் எப்போதும் ஒரு தனிமனிதர் வருகிறார், தம் தகவலைத் தாமே பெற்றுத் தாமே முடிவெடுக்கிறார். அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மரபணுவில் தனிச்சொத்து என்று ஒன்றில்லை. எல்லாமே பங்காளிச் சொத்து.

மார்ச் 11

மறுபடியும் ஆஸ்பிரின். பிரிட்டிஷ் மரபியலாளர் ஜான் பர்னின் குழுவினர் லிஞ்ச் நோய்க்கூறு உள்ள 861 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நாள்தோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் இரண்டாண்டுக்கு மேலாகக் கொடுத்தார்கள். முதல் சில ஆண்டுகளில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. பத்தாண்டுக் கணக்கை 2020-இல் வெளியிட்டபோது, ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தது. மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பயன் நீடிக்கிறது என்பது உண்மையிலேயே பெரிய செய்தி.

ஆனால் அந்த எண்களை நான் இரவில் வேறுவிதமாகக் கூட்டுகிறேன். நூறு பேரை நிறுத்தினால், 87 பேருக்கு மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தக் காலத்துக்குள் வரப்போவதில்லை. 9 பேருக்கு எடுத்தாலும் வரும். மீதி நால்வருக்காகத்தான் நூறு பேரும் விழுங்குகிறார்கள், இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் வரக்கூடும் என்று தெரிந்தே. அந்த நால்வர் யாரென்று மாத்திரைக்குத் தெரியாது, மருத்துவருக்குத் தெரியாது, காப்பாற்றப்பட்டவர்களுக்குமே கடைசிவரை தெரியாது. இதில் 'எனக்கேற்ற மருத்துவம்' எங்கே இருக்கிறது? நூறு பேரை எதற்காக வரிசையில் நிறுத்துவது என்று மட்டும் மரபணு சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் அது கூட்டத்தின் மருத்துவம்தான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னை அந்த வரிசையில் நிற்க விடமாட்டேன் என்கிறார்களே என்பதுதான் என் கோபம்.

மார்ச் 18

எம்.எஸ்.எச்.2 புரதத்தில் நேரக்கூடிய ஓர் அமினோ அமில மாற்றங்களில் 94 விழுக்காட்டை, அதாவது 17,746 மாற்றங்களை, ஆய்வகச் செல்களில் உண்டாக்கிப் பார்த்துவிட்டார்கள், 2021-இல் வெளியானது. சோதித்த விதம் அழகானது. தயோகுவானின் என்ற மருந்தைச் செல்களில் ஊற்றினால், பிழை திருத்தும் திறன் உள்ளவை அந்த மருந்தால் வரும் சேதத்தை உணர்ந்து மடிகின்றன, திறன் இழந்தவை உணராமல் பிழைத்துக்கொள்கின்றன. எது பிழைத்ததோ அதுவே கெட்டது. இந்த வரைபடமும் வார்த்தின் இருந்த அதே மிச்சிகனிலிருந்து வந்திருக்கிறது. அந்தப் பெண் சொன்னதற்கு அந்தப் பல்கலைக்கழகம் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது போலும்.

எங்கள் எழுத்தையும் ஆலோசகர் அதில் தேடிக் காட்டினார். பெரும்பாலான மாற்றங்கள் தெளிவாக ஒரு பக்கமோ மறுபக்கமோ ஒதுங்கியிருக்க, எங்களுடையது நடுவில் நிற்கிறது. அங்கேயும் மூன்றாம் வகை.

மார்ச் 25

நாளைக் காலை கொலனோஸ்கோபி. அறிக்கை எப்படியிருந்தாலும் அண்ணனுக்கு நாற்பத்து மூன்றில் வந்ததே போதும், குடும்ப வரலாற்றை வைத்தே என்னைப் பரிசோதிக்கலாம் என்றார்கள். குடலைக் காலி செய்யும் கரைசல் குமட்டுகிறது. இதற்கு மேல் எழுத முடியாது.

மார்ச் 26

குடலின் உட்சுவரில் ஒரு சிறிய வளர்ச்சி, பாலிப். எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 2

நான்கு மில்லிமீட்டர்; அடினோமா, அதாவது விட்டுவைத்தால் புற்றாக மாறக்கூடிய வகை; இப்போது கெட்ட குணம் ஏதும் இல்லை. என் வயதில் இது யாருக்கும் இருக்கக்கூடியது என்று மருத்துவர் சொன்னது ஆறுதலுக்காக அல்ல, உண்மை. ஆனால் பிழை திருத்தம் கெட்ட குடலில் பாலிப் புற்றாக மாறுவதற்குப் பத்தாண்டுகள் தேவைப்படுவதில்லை, ஓரிரு ஆண்டுகளே போதும் என்பதும் உண்மை. அப்படியானால் அந்தப் பாலிப்புக்கே சாயமேற்றிப் பார்க்கலாமே என்று கேட்டேன். சிறிய அடினோமாவில் சாயம் ஏறினால் அதை வைத்து எதையும் மறுக்க முடியாது என்றார். இருந்தும் பார்த்தார்கள். நான்கும் ஏறியிருக்கின்றன. மகிழ்ச்சியடைய முடியாத ஒரு நல்ல செய்தி.

ஏப்ரல் 9

உடன் வேலை செய்பவர் உமிழ்நீரை அனுப்பித் தம் 'ஆபத்து அறிக்கை'யை வாங்கியிருக்கிறார். வண்ண வட்டங்களோடு பல பக்கங்கள். ஆயிரக்கணக்கான சிறுசிறு மாறுபாடுகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டலுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால் மற்றவர்களுக்கு அந்த மதிப்பெண் துல்லியம் குறைந்தது என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மூன்றாம் வகை அதிகமாக வருவதற்கும் காரணம் இதேதான்: ஒப்பிடுவதற்குப் போதுமான பேர் தரவுத்தளங்களில் இல்லை.

வில்சனும் யுங்னரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக 1968-இல் எழுதிய நெறிகளில், ஒரு நோயைத் தேடிப் போவதற்கு முன் அதற்கு ஏற்கப்பட்ட சிகிச்சை இருக்கவேண்டும் என்று இருக்கிறது. தென் கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்யத் தொடங்கி, 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்படுவது 15 மடங்கானது. அதனால் இறப்போர் எண்ணிக்கை அப்படியே இருந்தது. அவருடைய வண்ண வட்டங்களைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை, அவர் உற்சாகமாக இருந்தார்.

ஏப்ரல் 15

அப்பா இரத்தம் கொடுத்தார். எழுபதைக் கடந்தவர், ஒரு நோயும் இல்லாதவர். அத்தைக்கும் அண்ணனுக்கும் இருந்தால் அவருக்கு இருந்தே ஆகவேண்டும். எம்.எஸ்.எச்.2 கெட்டவர்களிலும் 75 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வருவது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் என்று அவரிடம் சொன்னேன். சற்று நேரம் கழித்து, "அப்படியானால் எனக்கு வரவேண்டியது அவனுக்குப் போயிருக்கிறது" என்றார். அப்படியில்லை என்று விளக்க எனக்குத் தெரியும். விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 22

அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார். படிவத்தில், முடிவைத் தமக்குத் தெரிவிக்க வேண்டாம் என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்.

மே 6

அப்பாவுக்கு இருக்கிறது. அத்தையின் கட்டியிலும் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டும் இல்லை. சாயம் தெளிவாக வந்திருக்கிறது. டி.என்.ஏ. முதல் முயற்சியில் தேறவில்லை, இன்னொரு சீவலில் பார்க்கிறார்கள். அது தேறினால் எல்லாவற்றையும் சேர்த்து வகைப்படுத்தும் குழுவுக்கு அனுப்புவார்கள். நான்காம் வகை ஆகிவிட்டால் சோதித்துக்கொள்வாயா என்று அண்ணன் கேட்டார். அன்றைக்கே என்றேன்.

மே 8

அத்தானின் மூத்த மகள் செய்தி அனுப்பியிருக்கிறாள்: "சித்தி, பாட்டிக்கு வந்தது என்ன நோய்? அப்பா சொல்லமாட்டேன் என்கிறார்." அவளுக்கு இருபத்தாறு. இத்தகைய குடும்பங்களில் குடல் பரிசோதனையை இருபத்தைந்தையொட்டித் தொடங்கச் சொல்கிறார்கள். பாட்டியின் நோயைச் சொல்வது வேறு, பிளாக்கில் தெரிந்ததைச் சொல்வது வேறு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முதலாவதைச் சொன்னால் இரண்டாவதை அவளே ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். இன்னும் பதில் அனுப்பவில்லை. நாளை ஆலோசகரிடம் முதலில் கேட்கவேண்டியது இது: தந்தை தெரிந்துகொள்ள மறுத்த ஒன்றை மகள் கேட்டு வந்தால், அதைச் சொல்வதற்கு யாருடைய ஒப்புதல் வேண்டும்?